மில் ரோட்டில் எண்ணிய வண்டிகள்

இதோ அடுத்தது அதுதான், இல்லை, இன்னும் நாலு மனு இருக்கிறது என்று தனபாக்கியம் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். எண்ணுவதில் கெட்டிக்காரி அல்லவா! இருபத்தாறு வருஷமாக நகரமைப்பு அலுவலகத்தில் எண்ணி எண்ணித்தானே உதவி இயக்குநர் வரைக்கும் ஏறி வந்திருக்கிறாள். முப்பத்தோராம் நம்பர் மனு, சென்னியப்பன், சமையல் வேலை, மில் ரோடு கிழக்கு வரிசை. காலையில் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே விரலை வைத்து இரண்டாம் தடவை வாசித்தாள். வேறு சென்னியப்பனாக இருக்கக் கூடாதா, வெள்ளைக்கரட்டில் சென்னியப்பனுக்கா பஞ்சம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மேடையேறினாள். ஏறியதும் மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, எண்ணெய் ஏறிக் கறுத்த கைகள். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். இவள் பார்க்காத மாதிரி தண்ணீர் பாட்டிலைத் திருகினாள். சாலைத் திட்டத்துக்கு மக்கள் சொல்லும் மறுப்பைக் கேட்கிற கூட்டத்துக்கு இவர்களுக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள், கல்யாண மண்டபம். மணவறை போடுகிற மேடையில் மேஜை நாற்காலி போட்டு, பொண்ணு மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் மாவட்ட வருவாய் அலுவலரும் இவளும். பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குத் தொங்கும் வரைபடம், வெள்ளைக்கரடு சாலைத் திட்டம், அடுத்த இருபது வருஷத்துக்கு. சிவப்புக் கோடு, நீலக் கோடு, பச்சைக் கோடு. கோடெல்லாம் இவள் போட்டது. நேற்று நடந்த ஏதோ கல்யாணத்தின் மல்லிகை நாற்றம் இன்னும் திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

இருபத்தியேழாம் நம்பர் பேசிக்கொண்டிருந்தார், யாரோ பனியன் கம்பெனிக்காரர், தன் குடோன் வாசலில் பஸ் நிறுத்தம் வேண்டாம் என்று. வருவாய் அலுவலர் தலையாட்டினார். இவளும் ஆட்டினாள். காது கேட்கவில்லை. எண்பத்து மூவாயிரம், எண்பத்து மூவாயிரம் என்று உள்ளே ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் கழித்து மில் ரோட்டில் ஒரு நாளைக்கு எண்பத்து மூவாயிரம் வண்டி ஓடும். யார் சொன்னது? இவள்தான் சொன்னாள். இன்றைக்கு இருபத்தாறாயிரம் ஓடுகிறது, வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு கூடும், வட்டிக்கு வட்டி மாதிரிப் பெருக்கிக்கொண்டே போனால் எண்பத்து மூவாயிரம். எண்பத்து மூவாயிரம் வண்டிக்கு முப்பத்தாறு மீட்டர் ரோடு வேண்டும். இருக்கிற ரோட்டுக்கு அரசு நிலம் இருபத்து நாலு மீட்டர்தான். மீதிப் பன்னிரண்டு மீட்டர் கிழக்கு வரிசையில் எடுக்க வேண்டும், நாற்பத்து மூன்று வீடுகள். மேற்கே எடுக்கலாமே என்றால் மேற்கே வரிசையாக ஏழு கல்யாண மண்டபங்கள், தொட முடியாது, ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு கட்சி. கணக்கில் தப்பே இல்லை. பெருக்கல் சரி, வகுத்தல் சரி. அந்த முதல் இருபத்தாறாயிரம், அது ஒன்றுதான். முதல் செங்கல் பொடிந்துபோனது என்று தெரிந்தும் மேலே இருபது வருஷத்தைக் கட்டி நிறுத்தியிருக்கிறாள் மகராசி.

மூன்று நாள் எண்ண வேண்டும், அதில் அதிகம் வந்த நாளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. புதன், வியாழன், வெள்ளி. சாதாரண நாளாக இருக்க வேண்டும், அதுவும் விதி. நாள் குறித்தவள் இவள்தான். அலுவலகச் சுவரில் தொங்கும் அரசு காலண்டரை எடுத்து மேஜையில் விரித்து, சிவப்பு மையில் இருக்கும் விடுமுறைகளைத் தள்ளி, சந்தை கூடும் செவ்வாயைத் தள்ளி, கட்சி மாநாட்டைத் தள்ளி, பரீட்சையைத் தள்ளி, ஆவணி இருபத்தாறு, இருபத்தியேழு, இருபத்தெட்டு என்று வட்டம் போட்டாள். சுத்தமான வேலை. அரசு காலண்டரில் முகூர்த்தம் போட மாட்டார்கள். இவள் வீட்டு அடுப்படியில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் சுபமுகூர்த்த தினம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அந்தத் தாளைக் கிழித்து நெய் டப்பாவின் அடியைத் துடைத்தவளும் இவள்தான். வியாழக்கிழமை அண்ணன் பரமேசு மகனுக்கு அதே மில் ரோட்டில் கல்யாணம், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். இரண்டும் ஒரே நாள் என்று தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டு நாள் வேறு, ஆபீஸ் நாள் வேறு, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதே இல்லை இத்தனை வருஷமாக. முக்கால் மணி நேரம் காரில் நகர முடியாமல் நின்றாள். முன்னால் மாப்பிள்ளை வீட்டு பஸ், பின்னால் பந்திக்கு வாழை இலை ஏற்றிய டெம்போ, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டிய வாசல்கள். ரோட்டோரம் குடைக்குக் கீழே இவள் அனுப்பிய பெண்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கோடு கிழித்துக் கிழித்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவள் காரையும் எண்ணினார்கள், போகும்போது ஒரு கோடு, வரும்போது ஒரு கோடு. அப்போது இவள் மனசில் என்ன நினைத்தாள் தெரியுமா? பார், எத்தனை நெரிசல், நம்ம திட்டம் எவ்வளவு அவசியம் என்று நினைத்தாள். பூரித்துப்போனாள். அடி பாதகத்தி.

ரூபவதி. அந்தப் பேரை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். எண்ணிய பெண்களில் ஒருத்தி, டிப்ளமோ படித்தவள், தினக்கூலி. அவள் தாளில் மட்டும் குறிப்பு என்ற கட்டத்தில் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள், இன்று முகூர்த்தம், பாதி வண்டி கல்யாண வண்டி. அதைப் படித்த நிமிஷம் தனபாக்கியத்துக்குக் காது மடல் சுட்டது. புரிந்துவிட்டது. ஒரே வரியில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்த வரியை எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மார்கழியில் மறுபடி மூன்று நாள் எண்ணச் சொல்லியிருப்பார்கள். நாலு மாசம் தள்ளிப்போயிருக்கும். ஒரு மெமோ வந்திருக்கும், அதற்கு ஒரு விளக்கம் எழுதியிருப்பாள். யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சிரித்திருப்பார்கள். நாள் பார்க்கத் தெரியாத பொம்பளை ஊருக்கே ரோடு போட வந்துட்டா என்று கேன்டீனில் சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆகாது. அதனால் ரூபவதியைக் கூப்பிட்டு, பத்துப் பேர் முன்னால், "குறிப்புங்கறது மழை, விபத்து எழுதறதுக்கு. உன்ர கதை எழுதறதுக்கில்ல. புதுத் தாள்ல எழுதிக் கொண்டா" என்று விரட்டினாள். அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த மாசம் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதற்கப்புறம் புரட்டாசியில் ஒரு நாள், காய் வாங்கப் போகிற சாக்கில், தனபாக்கியம் மில் ரோட்டு முக்கில் நின்று ஒரு மணி நேரம் தானே எண்ணிப் பார்த்தாள். முன்பு எண்ணியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவுதான். அந்த அளவுக்கு இருபத்து நாலு மீட்டர் தாராளம், ஒரு வீட்டின் ஓடு கூடக் கலையத் தேவையில்லை. எண்ணிய தாளை முருங்கைக்கீரைக் கட்டோடு குப்பையில் போட்டாள்.

முப்பதாம் நம்பர் எழுந்து போய்விட்டார். யார், என்ன சொன்னார், தெரியாது. உள்ளங்கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வலது முழங்கைக்குப் பக்கத்தில் திட்ட அறிக்கை கிடந்தது, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ், நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் எண்ணிய தேதிகள் இருக்கின்றன. மக்களுக்குக் கொடுத்த தமிழ்ச் சுருக்கத்தில் தேதி கிடையாது, ஆவணி மாதத்தில் மூன்று நாட்கள் என்று மொத்தமாகப் போட்டாள், அதையும் வேண்டுமென்றேதான் போட்டாள். யாராவது கையை நீட்டிப் புரட்டினால் போதும். வருவாய் அலுவலர் கை அந்தப் புத்தகத்தின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. புரட்டு, புரட்டித் தொலை என்று ஒரு மனசு கத்தியது, நிஜமாகவே கத்தியது. இன்னொரு மனசு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு மூச்சுப் பிடித்தது. எது ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் தன்மேல் இத்தனை வெறுப்பு வந்தது. குமாஸ்தா மைக்கில், "முப்பத்தொண்ணு, சென்னியப்பன்" என்றான்.

சென்னியப்பன் மைக்கைக் கையில் வாங்காமல் கூப்பிட்ட குரலுக்கே எழுந்து நின்று கும்பிட்டார். வெள்ளைக்கரட்டில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கல்யாணச் சமையல், எழுத்து அவ்வளவாக வராது, கையெழுத்தும் தேதியும் போடுவார், அவ்வளவுதான். ஆனால் எந்தக் கல்யாணம் எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை இலை என்று கேட்டால் மனசிலிருந்தே சொல்வார். நாள் குறிப்பவர்களே சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் போன் போடுவார்கள். "பெரிய ஐயா, எனக்கு ரோடு வேண்டாம்னு இல்லீங்க. ஊரு பெருகுது, ரோடு வேணும். ஆனா ஒரே ஒரு சந்தேகமுங்க. வண்டிய எண்ணினாங்கல்லொ, ஆவணி இருபத்தியேழு வியாழக்கெழம. நானே பாத்தேனுங்க, அந்தப் புள்ளைங்க வெயில்ல உக்காந்து கோடு போட்டுட்டு இருந்துதுக, மோர் குடுத்தனுப்பிச்சேன். அன்னிக்கு முகூர்த்தமுங்க. ஏழு மண்டபத்துலயும் கல்யாணம். மத்த நாள்ல எங்க ரோட்டுல நாய் படுத்துத் தூங்கும். அன்னிக்குக் கணக்க வச்சு எங்க வீட்ட எடுக்கறது நாயமுங்களா?" கூட்டம் கொஞ்சம் சலசலத்தது. வருவாய் அலுவலர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, "அது முகூர்த்த நாள்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றார். அவருக்கும் ஒரு சின்னக் கேள்வி முளைத்துவிட்டது. சென்னியப்பன் சிரித்தார், வேண்டியவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட சிரிப்பு. "என்ர வாய நம்ப வேண்டாமுங்க. அம்மிணியே உக்காந்திருக்குதே, கேளுங்க. அன்னிக்கு அம்மிணியோட அண்ணன் பையன் கல்யாணம், நாந்தான் சமையலு. அம்மிணி வந்திருந்துது. பாயாசம் நெம்ப நல்லாருக்குதுண்ணான்னு ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்டுது. ஏன் அம்மிணி?"

எல்லாக் கண்களும் அவள் பக்கம் திரும்பின. ஆமாண்ணா. இரண்டு வார்த்தை. நாக்கு வரை வந்துவிட்டது. பச்சரிசிப் பாயாசம், தேங்காய்ப் பால் ஊற்றியது, மேலே நெய்யில் பொரித்த தேங்காய்ச் சில்லு, இந்தக் கறுத்த கைதான் கரண்டியை நீட்டியது, எங்க அம்மிணிக்கு இன்னொரு கரண்டி என்று. அண்ணன் கல்யாணத்துக்கும் இவர்தான் சமைத்தார், இவள் கல்யாணத்துக்கும் இவர்தான், அப்பா கருமாதிக்கும் கூலி வாங்காமல் வந்து பருப்புக் கடைந்தார். சொல்லிவிடு. இவர் உன்னை மாட்டிவிட வரவில்லை, உன்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார், நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று இந்தக் கிழவனுக்கு ஒரு துளி சந்தேகம் கூட இல்லை. சொன்னால் என்ன, மெமோ, விளக்கம், மறுபடி மூன்று நாள். ஆனால் இப்போது அது மட்டும் இல்லையே. தெரிந்தும் மறைத்தாய் என்று ஆகிவிடும். ரூபவதி வருவாள், அவள் எழுதிய பழைய தாளைப் பற்றிச் சொல்வாள். அரை நாள் லீவு பதிவேட்டில் இருக்கிறது. கல்யாண வீடியோவில் இவள் இலையை வழித்துக்கொண்டிருப்பது இருக்கிறது. எட்டு மாசத்துக்கு முன் ஒரு தப்பு, அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு தப்பு. நாற்பத்து மூன்று வீடு. அதில் ஒன்றில் போன தீபாவளிக்குத்தான் சிமெண்ட் பூசினார்கள், பச்சை வண்ணம், ஜன்னலில் கொடி, அளக்கப் போனபோது பார்த்தாள். வருவாய் அலுவலர், "என்னம்மா?" என்றார். விசிறிக் காற்றில் வரைபடம் முதுகில் வந்து தட்டியது. தன் குரல் கிளம்புவதை அவள் கேட்டாள், நிதானமாக, மரியாதையாக, எந்தப் பதற்றமும் இல்லாமல்: "இல்லைங்க சார். பெரியவருக்குத் தேதி மாறிப்போச்சு. நாங்க எண்ணினது அதுக்கு அடுத்த வாரம், சாதாரண நாள்ல. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவே இல்லைங்க சார், அன்னைக்குச் சென்னையில மீட்டிங்ல இருந்தேன்."

அண்ணா என்று கூப்பிட்டு வந்த ஆளைப் பெரியவர் ஆக்கிவிட்டாள். ஒரு சொல்லில் இருபது வருஷம் கூட்டிவிட்டாள் அவர் வயசோடு. சென்னியப்பன் முகம் உடனே மாறவில்லை, சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, எடுக்க மறந்துபோன மாதிரி. "இல்ல அம்மிணி, பொன்னிறத்துல அரக்குக் கரை வச்ச சேல..." என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் யாரோ, "சேலையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்காப்பல, தேதிதான் மறந்துருச்சாட்ட இருக்குது" என்றான். மண்டபம் சிரித்தது. பெண்கள் கூடச் சிரித்தார்கள். தனபாக்கியமும் உதட்டைக் கொஞ்சம் விரித்தாள், ஆமாம், விரித்தாள், சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். "வாயை மூடுங்க" என்றார் வருவாய் அலுவலர் அந்த ஆளைப் பார்த்து, நல்ல மனிதர்தான், ஆனால் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது, புரட்டவில்லை. அதிகாரி சொல்லிவிட்டாள், அதற்கு மேல் என்ன புரட்டுவது. சென்னியப்பன் பக்கத்து வீட்டுப் பெண், கிழக்கு வரிசையைச் சேர்ந்தவள்தான், வீடு போகப் போகிறவள்தான், "வெவரந் தெரியாம எதுக்குண்ணா எந்திரிச்சுப் பேசறீங்க, நம்ம மானமே போச்சு" என்று துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உதட்டை அசைத்து, இருபத்தஞ்சு நாச்சிபாளையத்தார் நிச்சயம், இருபத்தியேழு பரமேசு பையன், இருபத்தியேழு, இருபத்தியேழுதானே, என்று தனக்குள் போட்டுப் பார்த்தார். மறுபடி முதலில் இருந்து மடக்கினார். மூன்றாவது தடவை பாதியில் விரல் நின்றுபோனது. தனபாக்கியம் மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷத்து நாட்கள் ஒருவர் தலைக்குள் சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் ஒன்றரை மணிக்கு முடிந்தது. எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க முண்டிக்கொண்டு போனார்கள். தனபாக்கியம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், கை நடுங்குகிறதா என்று பார்த்தாள், நடுங்கவில்லை, அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. மறைந்தால் போதும், மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் போதும். நிழல் விழுந்தது. சென்னியப்பன் மேடைப் படிக்குக் கீழேயே நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. "மேடம்" என்றார். அம்மிணி போய்விட்டது. "மன்னிச்சுக்கோணுமுங்க. சபைல உங்க பேர இழுத்து விட்டுட்டேன். சத்தியமா நீங்க வந்தாப்பலயே இருந்துதுங்க, இலைக்கு முன்னால உக்காந்திருந்தாப்பலயே... அப்ப அது யாரோ தெரியலீங்க. வயசாயிருச்சு." அவள், "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் ஆகறதுதான்" என்றாள். பார், எவ்வளவு பெருந்தன்மை! "பரவாயில்லாம எப்படிங்க. நாந் தேதி மாத்திச் சொன்னா ஒரு கல்யாணமே நின்னு போயிருமுங்களே. வைகாசியில ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன், வேற ஆளப் பாத்துக்குங்கன்னு இன்னிக்கே சொல்லிப்போடறேன். இனி இந்த வேல நமக்கு ஆகாதுங்க." இப்போதாவது. இப்போது மண்டபத்தில் யாரும் இல்லை, காதோடு சொல்லலாம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலைண்ணா, நான்தான் பொய் சொன்னேன், நீங்க சமைங்கண்ணா என்று. வீட்டைக் காப்பாற்ற வேண்டாம், ரோட்டை மாற்ற வேண்டாம், இந்த ஒன்றை மட்டுமாவது திருப்பிக் கொடுக்கலாம். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். அவரே சொன்னார், "நாங் குடுத்த மனு தப்புங்களே, ஊருக்கு நல்லது பண்ற காரியத்துல எம்பேர்ல ஒரு தப்புக் காயிதம் கெடக்க வேண்டாமுங்க. திருப்பி வாங்கிக்கறேன்." அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்தது. மறுப்பு ஒன்று குறைந்தால் நல்லதுதானே என்று அவள் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. அவளே எடுத்து, அவளே இடத்தைக் காட்டி, அவளே பேனாவைத் திறந்து கொடுத்தாள். அவர் மேடை விளிம்பில் தாளை வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தார். "கீழே தேதி போடுங்க" என்றாள். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவர் கூரையைப் பார்த்தார், விரலை மடக்கப் போனார், மடக்கவில்லை. பிறகு, இனிமேல் எதையும் தானாகச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டவராக அவள் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு என்ன தேதிங்க மேடம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார்.